மரம் தூக்குபவரும் நாற்காலி தூக்குபவரும்

படத்தில் இருக்கிற ஆள் வேலி போடப் போகவில்லை, சார். போட்டியில் நிற்கிறார். உங்கள் மகள் இன்வர்னஸிலிருந்து அனுப்பியதுதானே? ஸ்காட்லாந்தின் வடக்கே ஹைலண்ட்ஸ் என்கிற அந்த மலைநாட்டில், கோடை மாதங்களில் எந்தப் பக்கம் போனாலும் யாராவது ஒருவர் கில்ட் என்கிற கட்டம்போட்ட உடுப்பைக் கட்டிக்கொண்டு இப்படி ஒரு மரத்தோடு மல்லுக்கு நின்றுகொண்டிருப்பார். அந்த மரத்துக்குப் பெயர் கேபர். பிரேமார் என்ற ஊரில் இருக்கும் பெயர்பெற்ற கேபரின் நீளம் 19 அடி 9 அங்குலம். எடை 132 பவுண்டு, அதாவது சுமார் 60 கிலோ.

எவ்வளவு தூரம் எறிகிறார் என்பதுதானே கணக்கு என்று கேட்கிறீர்கள். தூரத்துக்கு மதிப்பெண்ணே கிடையாது. மெல்லிய முனையை இரண்டு கையிலும் ஏந்தி, தடித்த முனை வானத்தைப் பார்க்க நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டும். ஓட்டத்திலேயே விசையோடு மேலே தூக்கிவிட வேண்டும். தடித்த முனை தரையில் குத்தி, மரம் நட்டுக்குத்தலாக எழுந்து, மறுபக்கம் சாய வேண்டும். ஓடி வந்த கோட்டுக்கு நேர் முன்னால், கடிகாரத்தில் பன்னிரண்டு மணி காட்டுகிற முள்போல விழுந்தால் முழு வெற்றி. பதினொன்று, ஒன்று என்று விலக விலக மதிப்பு குறையும். அது எங்கே விழுகிறது என்று பார்ப்பதற்காகவே ஒரு நடுவர் பின்னாலேயே ஓடுவார்.

நீங்கள் அடுத்துக் கேட்டதுதான் நல்ல கேள்வி. இதெல்லாம் அந்த ஊர்க்காரர்கள் நிஜமாகவே செய்வதா, டூரிஸ்ட் வருகிறான் என்று போடுகிற வேஷமா? ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டால் தப்பாகிவிடும். அந்த நிலத்திலிருந்து ஆரம்பிக்கிறேன்.

ஹைலண்ட் கவுன்சில் என்ற ஒரே நிர்வாகப் பகுதியின் பரப்பு கிட்டத்தட்ட 25,650 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டில் ஐந்தில் ஒரு பங்கு. அதில் வசிப்பவர்கள் இரண்டு லட்சத்து முப்பதாயிரத்தைச் சுற்றி. சதுர கிலோமீட்டருக்கு ஒன்பது பேர். வடமேற்கு மூலைக்குப் போனால் அதுவும் இல்லை. பக்கத்து வீட்டுக்கு நடந்து போய்ச் சர்க்கரை கேட்க முடியாத ஊர்கள். குளிர்காலத்தில் காலை ஒன்பதுக்கு விடிந்து மாலை மூன்றரைக்கு இருட்டிவிடும். ஜூன் கடைசியில் நேர்மாறு. இரவு பத்தேகாலுக்கு மேல்தான் சூரியன் மறையும், நாலரைக்குள் திரும்ப வந்துவிடும். பள்ளிக்கூடங்கள் ஜூன் கடைசியில் மூடி ஆகஸ்ட் நடுவில் திறக்கும். ஆக, மனிதர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ள இயற்கை ஒதுக்கியிருப்பது சில வாரங்கள்தான். அங்கே நடக்கிற எல்லாமே அந்த வாரங்களுக்குள் அடித்துப் பிடித்து நுழைகின்றன.

பழைய காலத்திலும் கோடைக்கு அங்கே தனி மதிப்பு இருந்தது. மே மாதம் பிறந்ததும் மாடுகளை ஓட்டிக்கொண்டு மேட்டு மேய்ச்சலுக்குப் போவார்கள். கீழே வயலில் பயிர் விளையும்போது மாடு அங்கே இருக்கக்கூடாது, மேலே புல் புதிதாக முளைத்திருக்கும். கல்லும் புல்கட்டியும் வைத்துக் கட்டிய சின்னக் குடிசைகள். ஷீலிங் என்பார்கள். பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும்தான் போய்த் தங்குவது. பால் கறந்து வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் செய்து ஆகஸ்டில் இறங்குவார்கள். பெரியவர்களின் கண்காணிப்பு குறைந்த இடம் என்பதால் அந்த மலைநாட்டின் பழைய மொழியான கேலிக்கின் காதல் பாட்டுகளில் பலவற்றுக்கு அந்தக் குடிசைதான் களம். இன்றைக்கும் மலைச்சரிவில் ஓரிடம் மட்டும் பச்சை தூக்கலாகத் தெரிந்தால், அங்கே மாடு கட்டியிருந்தார்கள் என்று அர்த்தம். நூறு நூற்றைம்பது வருஷம் கழித்தும் சாணத்தின் சத்து போகவில்லை. கோடையில் உள்ளூர் வரலாற்றுச் சங்கங்கள் ஆட்களைக் கூட்டிக்கொண்டு நடந்து போய்க் காட்டுகிற இடங்களில் இவையும் உண்டு.

இப்போது அந்தக் கில்ட்டுக்கு வருவோம். 1746 ஏப்ரலில் கலோடன் என்ற இடத்தில் ஸ்டூவர்ட் அரச வம்சத்துக்காகக் கிளர்ந்த படை தோற்றது. அதில் ஹைலண்ட்காரர்கள் நிறையப் பேர். அதே வருஷம் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டு, ஹைலண்ட் ஆண்கள் கில்ட்டும் டார்ட்டன் என்கிற கட்டம்போட்ட துணியும் உடுத்தக்கூடாது என்றது. ராணுவத்தில் சேர்ந்தவனுக்கு மட்டும் விலக்கு. அதாவது, உன் உடுப்பை உடுத்த வேண்டுமானால் எங்களுக்காகச் சண்டை போடு. 1782-இல் சட்டம் நீங்கியது. நீங்கிய சில பத்தாண்டுகளில் அதே உடுப்பு நிலப்பிரபுக்களின் விருந்து உடையாகிவிட்டது. 1822-இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தபோது, நாவலாசிரியர் வால்டர் ஸ்காட் முன்னின்று ஏற்பாடு செய்த வரவேற்பில் மன்னரே கில்ட்டோடு நின்றார். 1848-இல் விக்டோரியா ராணி பிரேமார் விளையாட்டைப் பார்க்க வந்தார். அதற்கப்புறம் கேட்கவா வேண்டும்? ஒவ்வொரு பிரபுவுக்கும் தன் எஸ்டேட்டில் ஒரு விளையாட்டு விழா தேவைப்பட்டது.

இதில் மனத்தை உறுத்துவது காலக்கணக்கு. விழாக் கொட்டகையில் பேக்பைப் முழங்கிய அதே பத்தாண்டுகளில்தான் அந்த நிலத்திலிருந்து குடியானவர்களை விரட்டினார்கள். ஆடு வளர்த்தால் குத்தகை அதிகம் வரும். ஆட்டுக்கு மனிதர்கள் குறுக்கே இருந்தார்கள். சதர்லண்ட் சீமையில் கில்டோனன் பள்ளத்தாக்கு 1813-இலும் ஸ்ட்ராத்நேவர் 1814, 1819 ஆண்டுகளிலும் காலியாக்கப்பட்டன. கூரை மரங்களுக்குத் தீ வைத்தார்கள், திரும்பி வந்து குடியேறாமல் இருக்க. போனவர்கள் கடற்கரைப் பாறை நிலத்துக்கும் கனடாவுக்கும் போனார்கள். இன்று நாம் புகைப்படத்தில் பார்த்து ஆஹா என்ன ஏகாந்தம் என்கிற பள்ளத்தாக்குகளில் பல அப்படி ஏகாந்தம் ஆக்கப்பட்டவை.

இதனால்தான் ஹைலண்ட் மரபு என்று நாம் காண்பதில் பாதி, பிற்காலத்தில் ஜோடித்தது என்று வரலாற்றாசிரியர் ஹியூ ட்ரெவர்-ரோப்பர் 1983-இல் வெளிவந்த ஒரு கட்டுரையில் அடித்துப் பேசினார். ஆதாரங்களில் அவர் சொன்னது பலவும் சரி. குலத்துக்கு ஒரு டார்ட்டன் என்பதெல்லாம் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் துணி வியாபாரத்தோடு சேர்ந்து வளர்ந்தது. ஆனால் ஒரு வழக்கம் எப்போது தொடங்கியது என்று கண்டுபிடித்துவிட்டால் அது இப்போது யாருடையது என்ற கேள்விக்கும் பதில் கிடைத்துவிட்டதாக நினைப்பதில் எனக்குச் சம்மதமில்லை. பிரபு தொடங்கியது இருக்கட்டும், இன்று மைதானத்தில் புல் வெட்டுவது யார், கூடாரம் கட்டுவது யார், மழை வந்தால் நாற்காலிகளைத் தூக்கி உள்ளே போடுவது யார்? எனக்கு அந்தக் கேள்வி பிடிக்கும்.

அபர்டீன்ஷையர் மலைப்பகுதியில் ஸ்ட்ராத்டான் என்ற இடத்தில் லோனாக் விழா. ஆகஸ்ட் மாதம் நான்காம் சனிக்கிழமை. விடிந்ததும் உள்ளூர் ஆண்கள் கில்ட்டும் ஈட்டியும் கோடரியுமாக அணிவகுத்து, வழியில் வீடு வீடாக நின்று, வீட்டுக்காரர் தரும் விஸ்கியைக் குடித்து வாழ்த்திவிட்டு மைதானத்துக்கு வருவார்கள். பின்னாலேயே ஒரு குதிரைவண்டி வரும். எதற்கு என்றால், வாழ்த்து கொஞ்சம் அதிகமாகி நடக்க முடியாமல் போகிறவரை ஏற்றிக்கொள்ள. இந்த விழாவை நடத்தும் சங்கத்தை 1823-இல் நிறுவியவர் சர் சார்ல்ஸ் ஃபோர்ப்ஸ். அவர் சம்பாதித்தது பம்பாயில். அவர் குடும்பப் பெயரைத் தாங்கிய நிறுவனம் இன்றும் மும்பையில் இருக்கிறது. நம் பக்கத்துப் பணம் போய் அந்த ஊர்த் திருவிழாவானது என்று சொல்லிக்கொள்ளலாம்.

பணம் மட்டும் போகவில்லை. நாகப்பட்டினத்துக் கோட்டைவாசலே போயிருக்கிறது. நம்ப மாட்டீர்கள். இன்வர்னஸுக்கு வடக்கே ஈவன்டன், ஆல்னஸ் என்று இரண்டு ஊர்கள், மேலே ஃபைரிஷ் என்று ஒரு குன்று, 453 மீட்டர் உயரம். உச்சியில் கல்லால் ஆன வளைவு வாசல் ஒன்று வானத்தைப் பார்த்துத் தனியாக நிற்கிறது. அந்த எஸ்டேட்டுக்குச் சொந்தக்காரர் சர் ஹெக்டர் மன்றோ. 1781-இல் டச்சுக்காரர்களிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்த கம்பெனி தளபதி. அதன் நினைவாக அந்த ஊர் வாசலின் சாயலில் இதைக் கட்டச் சொன்னார். அதற்கு முந்தைய வருஷம் பொள்ளிலூரில் பெய்லி என்ற இன்னொரு கம்பெனி அதிகாரியின் படை ஹைதர், திப்பு கையில் அழிந்துகொண்டிருந்தபோது காஞ்சிபுரம் வரை வந்திருந்தும் உதவிக்குப் போய்ச் சேராமல், பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டுக்குப் பின்வாங்கியவரும் இவரே. அதற்கு நினைவுச்சின்னம் எதுவும் எழுப்பவில்லை.

ஊரில் வேலையில்லாதவர்களுக்குக் கூலி தருவதற்காகவே வாசலைக் கட்டினார் என்றும், வேலை சீக்கிரம் முடிந்துவிடக்கூடாது என்று ராத்திரி கற்களைக் கீழே உருட்டிவிட்டு மறுநாள் மறுபடி சுமக்கச் சொல்வார் என்றும் ஒரு கதை உண்டு. தரும சிந்தனை என்று அங்கே சொல்வார்கள். கல் சுமந்தவர்கள் என்ன சொன்னார்கள் என்பது எழுதப்படவில்லை. ஆனால் அந்தக் குன்று இருக்கிற ராஸ்ஷையரின் மக்கள் 1792-இல், புதிதாக வந்த ஆட்டுமந்தைகளையெல்லாம் திரட்டித் தெற்கே விரட்டிக்கொண்டு போனார்கள். பட்டாளம் வந்துதான் நிறுத்தியது. கேலிக்கில் அந்த வருஷத்துக்கு ஆடுகளின் வருஷம் என்றே பெயர். உங்கள் மகளுக்குச் சொல்லுங்கள், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஏறினால் நாகப்பட்டினம் வந்துவிடும்.

விளையாட்டு விழாக்களைப் பற்றி இன்னும் ஒன்று மட்டும். பிரேமாருக்கு அரச குடும்பம் வரும், செப்டம்பர் முதல் சனிக்கிழமை, ஆயிரக்கணக்கில் கூட்டம். அதைவிடச் சின்ன ஊர் விழாக்கள் எனக்கு ஒரு படி மேல். வடகோடியில் டர்னஸ் என்று ஒரு ஊர், ஜூலை கடைசி வெள்ளிக்கிழமை விழா. மரம் தூக்குகிற பலசாலிகளும் பைப் வாசிப்பவர்களும் கோடை முழுக்க ஊர் ஊராகச் சுற்றுகிறவர்கள். எல்லா ஊரும் சனிக்கிழமையையே பிடித்துக்கொண்டால் அவர்கள் எங்கே போவார்கள்? அதனால் வாரநாட்களிலும் விழா உண்டு. ஒரு மூலையில் பலகை மேடையில் சின்னப் பெண்கள் நடனம், இன்னொரு மூலையில் குண்டு எறிதல், நடுவில் பிள்ளைகளின் சாக்கு ஓட்டம், எல்லாம் ஒரே நேரத்தில். அடுத்த விழாவில் நடுவராக இருக்கப்போகிறவர் இங்கே டீ ஊற்றிக்கொண்டிருப்பார். பீட்டில்ஸ் பாடகர் ஜான் லெனன் சிறுவனாகக் கோடை விடுமுறைக்கு வந்துபோன ஊர் இது. அவருக்கு ஒரு நினைவுத் தோட்டம்கூட வைத்திருக்கிறார்கள், ஊர் ஹாலுக்குப் பக்கத்தில்.

சரி, இனி நான் முக்கியம் என்று நினைக்கிற விஷயம். படம் எடுத்தால் எடுபடாது. பள்ளிக்கூடத்து வகுப்பறையில் ஏழெட்டுப் பிள்ளைகள் ஃபிடிலை வைத்துக்கொண்டு கர்ணகொடூரமாக இழுத்துக்கொண்டிருப்பார்கள், அவ்வளவுதான். பெயர் ஃபேஷ்.

கதை பார்ரா என்கிற மேற்குத் தீவில் தொடங்குகிறது. எழுபதுகளின் இறுதியில் அங்கிருந்த பெற்றோருக்கும் ஊர்க்காரர்களுக்கும் ஒரு கவலை. வீட்டில் தாத்தா பாட்டிக்குப் பாட்டு தெரியும், கேலிக் தெரியும். பள்ளிக்கூடத்தில் அது எதுவும் கிடையாது. 1872-இல் வந்த கல்விச் சட்டம் கேலிக் என்று ஒரு மொழி இருப்பதையே கண்டுகொள்ளாமல் பள்ளிகளை அமைத்தது. அதன்பின் பல தலைமுறைகள், படிப்பு என்றால் ஆங்கிலம், கேலிக் என்றால் அடுப்படி என்று வளர்ந்தார்கள். 1891 கணக்கெடுப்பில் இரண்டரை லட்சம் பேருக்கு மேல் பேசிய மொழி, 2001-இல் 58,652 பேராகச் சுருங்கியது. ஆக 1981 கோடையில் பார்ராக்காரர்கள் தாங்களே ஒரு வகுப்பு நடத்திவிடுவது என்று இறங்கினார்கள். பாட்டு, ஃபிடில், பைப், நடனம், எல்லாம் பிள்ளைகளுக்கு, முடிந்தவரை கேலிக்கில். அதுதான் முதல் ஃபேஷ்.

அது பரவிய விதம்தான் ஆச்சரியம். 1986-இல் ராஸ்ஷையரில் ஒன்று. 1988-இல் எல்லா ஃபேஷ்களுக்கும் பொதுவாக ஒரு அமைப்பு. இன்றைக்கு நாற்பதுக்கு மேற்பட்ட ஊர்களிலும் வட்டாரங்களிலும் நடக்கிறது. ஒவ்வொன்றும் உள்ளூர்க் கமிட்டி நடத்துவது. மேலிடத்திலிருந்து வந்த திட்டம் இல்லை.

ஒரு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை காலை பிள்ளைகள் வருவார்கள். எட்டு வயதும் இருக்கும், பதினேழும் இருக்கும். ஃபிடில், அக்கார்டியன், விசில் என்கிற சிறு குழல், கிளார்சாக் என்கிற சின்ன ஹார்ப், பைப், பாட்டு, ஸ்டெப் நடனம், சில இடங்களில் ஷின்டி என்கிற மட்டைப் பந்தாட்டமும். இரண்டு மூன்றைத் தேர்ந்தெடுக்கலாம். பெரும்பாலும் தாள் இல்லாமல் காதால் கேட்டுப் படிப்பது. ஆசிரியர் ஒரு அடி வாசிப்பார், பிள்ளைகள் திருப்பி வாசிப்பார்கள், மறுபடி, மறுபடி. பைப்புக்கு இதில் ஒரு பழைய பாடமுறையே இருக்கிறது. பைப்பின் ஒவ்வொரு சுரத்துக்கும் அலங்காரத்துக்கும் ஒரு அசை வைத்து, வாத்தியத்தைத் தொடாமல் வாயாலேயே முழு உருப்படியையும் பாடிக் காட்டிவிடுவார்கள். மிருதங்கக்காரர் சொற்கட்டைச் சொல்லிக் காட்டுவதைக் கேட்டவர்களுக்கு அதை விளக்கவே வேண்டாம். பெரிய பைப் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இப்படித்தான் மாணவர்களுக்கு ஏற்றினார்கள். காகிதத்தில் எழுதத் தொடங்கியது பின்னால்தான்.

வெள்ளிக்கிழமை மாலை அரங்கேற்றம். திங்கள் காலை வில்லைப் பிடிக்கத் தெரியாத குழந்தை ஒரு மெட்டை, மெதுவாக, கூட்டத்தோடு கூட்டமாக வாசித்துவிடும். சுருதி சேராது. அதைக் கேட்க ஊரே வரும். ஹால் போதாது. எனக்கு இதில் பிடித்தது, அந்தப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிற இளைஞர்களில் பலர் பத்து வருஷத்துக்கு முன் அதே வகுப்பில் அதே மாதிரி இழுத்தவர்கள். கொஞ்சம் வளர்ந்த மாணவர்களைத் தேர்ந்தெடுத்து, ஒரு குழுவாக்கி, கோடை முழுக்க ஊர் ஊராகக் கச்சேரி செய்ய அனுப்புகிற ஏற்பாடும் இருக்கிறது. மேடையில் நிற்பது, ஒலிபெருக்கியைச் சரிபார்ப்பது, அடுத்த ஊருக்கு நேரத்துக்குப் போய்ச் சேருவது எல்லாமே பாடம்.

2022 கணக்கெடுப்பில் கேலிக்கைப் பேசவோ படிக்கவோ எழுதவோ கேட்டுப் புரிந்துகொள்ளவோ ஏதோ ஒரு விதத்தில் தெரிந்தவர்கள் 1,30,161 பேர் என்று வந்தது. 2011-இல் 87,000 சொச்சம். உடனே ஃபேஷ் மொழியைக் காப்பாற்றிவிட்டது என்று எழுதிவிடாதீர்கள். கேலிக் வழிப் பள்ளிகள், தொலைக்காட்சி, சட்டம் எல்லாம் சேர்ந்தது அது. அதோடு, மொழி வீட்டுப் பேச்சாக இருந்த தீவுக் கிராமங்களில் அது இன்னும் தேய்ந்துகொண்டுதான் இருக்கிறது. நகரத்தில் படித்துக்கொள்பவர்கள் கூடுகிறார்கள், ஊரில் பேசிக்கொள்பவர்கள் குறைகிறார்கள். இரண்டையும் ஒரே எண்ணில் போட்டுச் சந்தோஷப்படுவது எனக்கு ஒப்பவில்லை.

கச்சேரி முடிந்தால் கேய்லி. முன்பு அது யாராவது ஒருவர் வீட்டில் அக்கம்பக்கத்தார் கூடி, கரியடுப்பைச் சுற்றி உட்கார்ந்து, கதையும் பாட்டும் வம்பும் பேசுகிற இரவு. இப்போது ஊர் ஹாலில் ஒரு குழு வாசிக்க எல்லாரும் ஆடுவது. ஆடத் தெரியாது என்ற சால்ஜாப்பு செல்லாது. ஸ்ட்ரிப் த வில்லோ என்று ஒரு ஆட்டம், வரிசையில் எதிரே நிற்கிற ஒவ்வொருவரிடமும் கை கோத்துச் சுழன்றுகொண்டே போக வேண்டும். தப்பாகப் போனால் ஏதாவது ஒரு பாட்டி பிடித்துச் சரியான பக்கம் தள்ளிவிடுவார். ஆறு வயதுக் குழந்தையும் எண்பது வயதுக்காரரும் ஒரே வரிசையில் நிற்பார்கள்.

பழைய பொருள், பழைய இடம் என்று பார்ப்பவர்களுக்கும் கோடைதான். நியூட்டன்மோர் என்ற ஊரில் ஹைலண்ட் நாட்டுப்புற அருங்காட்சியகம். இதன் விதையைப் போட்டவர் இசபெல் கிராண்ட் என்ற பெண்மணி. ஊர்க்காரர்கள் தூக்கிப்போட இருந்த கலப்பை, தொட்டில், வெண்ணெய் கடையும் மத்து எல்லாவற்றையும் தேடிச் சேர்த்து, 1935-இல் அயோனா தீவில் கைவிடப்பட்ட ஒரு சர்ச்சில் வைத்தார். 1944-இல் கிங்யூசிக்கு மாற்றினார். மாளிகை வாளும் கேடயமும் சேர்க்க அன்றைக்கு நிறைய ஆள் இருந்தார்கள். சமையல்கட்டைச் சேர்த்தது அவர். இப்போது நியூட்டன்மோரில் வெட்டவெளியில் 1700-களின் ஒரு குடியிருப்பையே புல்கட்டிச் சுவரும் கூரையுமாக எழுப்பியிருக்கிறார்கள். உள்ளே போனால் புகை கண்ணைக் கரிக்கும். அந்த வீடுகளுக்குப் புகைபோக்கி கிடையாது.

துணி தட்டுகிற பாட்டையும் சில விழாக்களில் செய்து காட்டுவார்கள். தறியிலிருந்து இறங்கிய கம்பளித் துணி இறுகித் தடிப்பதற்காக அதை நனைத்து, நீளப் பலகையைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்து, தாளத்தில் அடித்து அடித்து நகர்த்துவது. ஒருத்தி பாட மற்றவர்கள் பல்லவியைச் சேர்ந்து பாடுவார்கள். நனைக்கப் பயன்பட்டது பல நாள் சேர்த்துவைத்த மூத்திரம், அதிலுள்ள அம்மோனியாவுக்காக. இன்று தண்ணீரோ சோப்புத் தண்ணீரோதான். அதை யாரும் குறை சொல்லப்போவதில்லை. ஆனால் பாட்டை மட்டும் பதமாகப் பாடிக் காட்டி, மூத்திரத்தைச் சொல்லாமல் விட்டுவிடுகிற விளக்கவுரைகளைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். மார்கரெட் ஃபே ஷா என்ற அமெரிக்கப் பெண் 1929 முதல் ஆறு வருஷம் தென் யூயிஸ்ட் தீவில் இரண்டு சகோதரிகளின் வீட்டில் தங்கி இந்தப் பாட்டுகளைக் கேட்டு எழுதிச் சேர்த்தார். அவர் 1955-இல் வெளியிட்ட புத்தகத்தில் பாட்டோடு கைவைத்தியமும் சமையலும் பழமொழியும் சேர்ந்தே இருக்கின்றன.

ஒரு இடம் மட்டும் கட்டாயம். குரோய்க் சர்ச். பள்ளத்தாக்கின் கடைசியில் தனியாக நிற்கும் சின்னக் கட்டடம். 1845-இல் பக்கத்து க்ளென்கால்வியிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்கள், சுமார் எண்பது பேர், அதன் கல்லறைத் தோட்டத்தில் கம்பளிகளைக் கட்டித் தங்கினார்கள். லண்டன் டைம்ஸ் பத்திரிகை ஆளனுப்பி எழுதியது. போகுமுன் ஜன்னல் கண்ணாடியில் வெளிப்பக்கமாகக் கீறித் தாங்கள் யார், எந்த வருஷம் என்று சிலர் எழுதிவைத்தார்கள். இன்னமும் வாசிக்கலாம். அவர்கள் பேச்சுமொழி கேலிக். கீறியது பெரும்பாலும் ஆங்கிலத்தில்.

இத்தனைக்கும் பணம், ஆள்? விளையாட்டு விழாவுக்கு நுழைவுக் கட்டணம் உண்டு. ஃபேஷுக்குப் பிள்ளைகள் கட்டணமும் அரசு மானியமும். மிச்சமெல்லாம் ஹால் கமிட்டி. அந்த ஊர் ஹால்தான் எல்லாவற்றுக்கும் முதுகெலும்பு. தகரக் கூரை, மடக்கு நாற்காலி, ஒரு பெரிய டீ பாய்லர், வீட்டிலிருந்து செய்து கொண்டுவரும் கேக், குலுக்கல் சீட்டு. ஐந்தாறு பேர் மாற்றி மாற்றித் தலைவர், பொருளாளர், கழிவறை கழுவுபவர் எல்லாமாக இருப்பார்கள். அந்த ஐந்தாறு பேருக்கும் வயதாகிறது. இளையவர்களுக்கு வீடு கிடைப்பதில்லை. 2015-இல் வடகடற்கரையைச் சுற்றிய சாலைகளை இணைத்து நார்த் கோஸ்ட் 500 என்று விளம்பரப்படுத்தினார்கள். வண்டி வந்தது, காசு வந்தது. கூடவே, ஊருக்குள் காலியாகும் வீடு விடுமுறை வாடகைக்குப் போவதும் ஏறியது. விழா பார்க்க வருபவர் தங்குகிற வீட்டில், விழா நடத்துகிறவர் குடியிருந்திருக்கலாம். கேபர் எப்போது தொடங்கியது என்பதைவிட இந்தக் கணக்குதான் அந்த விழாக்களின் ஆயுளைத் தீர்மானிக்கும் என்று நினைக்கிறேன்.

எதிர்த்திசையில் போன ஊர்களும் உண்டு. 1993-இல் அசின்ட் குடியானவர்கள் தாங்கள் உழுத எஸ்டேட்டைத் தாங்களே நிதி திரட்டி வாங்கினார்கள். 1997 ஜூன் 12 அன்று எக் தீவு அதன் மக்கள் கைக்கு வந்தது. அன்றைக்கு அங்கே அறுபது சொச்சம் பேர். இப்போது நூறைத் தாண்டிவிட்டது. ஒவ்வொரு ஜூனிலும் அந்த நாளுக்கு ஒரு கேய்லி வைக்கிறார்கள். எத்தனை நூற்றாண்டு மரபு அது? இருபத்தெட்டு, முப்பது வருஷம். கேட்டுப் பாருங்கள், அதுதான் எங்கள் ஊர்த் திருவிழா என்பார்கள்.

உங்கள் மகளுக்கு யோசனை கேட்டீர்களே. பிரேமாருக்கு டிக்கெட் முன்பே எடுக்க வேண்டும், ஒரு தடவை பார்க்கலாம். அதைவிட, ஆகஸ்டில் ஒரு சின்ன ஊர் விழா. ஜூலையில் ஏதாவது ஒரு ஃபேஷின் கடைசி நாள் கச்சேரி, ஊர் அறிவிப்புப் பலகையில் சாக்பீஸால் எழுதியிருக்கும், அல்லது கடையில் கேட்டால் சொல்வார்கள். ஹாலில் பாத்திரம் கழுவ ஆள் தேடினால் கை கொடுக்கச் சொல்லுங்கள், அப்புறம் யாரும் வெளியாள் மாதிரி பார்க்க மாட்டார்கள். மழைக்கோட்டு வேண்டும். காற்று அசையாத ஈரமான சாயங்காலம் என்றால் மிட்ஜ் என்ற பூச்சி மொய்க்கும். கடுகைவிடச் சிறியது, கடித்தால் தெரியும். தலையைச் சுற்றிப் போட்டுக்கொள்கிற வலை எந்தக் கடையிலும் கிடைக்கும். காற்று கொஞ்சம் வீசினாலே போதும், அது பறக்காது. அதனால் நல்ல வெயில் நாளைவிட லேசாகக் காற்றடிக்கிற நாளைப் பார்த்துப் போகச் சொல்லுங்கள்.